பெண்கள் வார்டு கடிகாரம்

விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்த அன்று பெரிய சிஸ்டர் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் போலீஸுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், வக்கீலுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தவனுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். வாரிசு விசாரணை அதிகாரி மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவரா? "நம்ம வார்டு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டணும், நான் எழுதினதுதான்னு சொல்லணும், கையெழுத்துப் போட்டுட்டு வரணும். அவ்வளவுதானே?" என்று நோட்டீஸை மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு ஊசி போடப் போய்விட்டாள்.

பாவம், அந்த நிம்மதி அவளுக்கு நாலு நாள்தான் எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, ஸ்கூட்டரில் போன ஒரு புருஷன் பெண்டாட்டியை லாரி அடித்துப் போட்டுவிட்டது. ஆறே காலுக்கு இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு ஒரு பக்கம், பெண்கள் வார்டு ஒரு பக்கம், நடுவில் நீளமாக ஒரு வராந்தா. புருஷன் அந்தப் பக்கம் போனார், அந்த அம்மாள் இந்தப் பக்கம் பெரிய சிஸ்டரிடம் வந்தாள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டிப் பார்த்தும் இரண்டு பேருமே தங்கவில்லை. ஆண்கள் வார்டில் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷின் இருந்தது. துடிப்பு நின்ற நேரத்தை அதுவே காகிதத்தில் அடித்துத் தள்ளிவிட்டது: ஏழு மணி மூன்று நிமிடம். பெண்கள் வார்டு மெஷின் ரிப்பேருக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போனது போனதுதான். அதனால் அந்த அம்மாளின் நேரத்தைப் பெரிய சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் எழுதினாள்: ஆறு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். டாக்டரும் அதைப் பார்த்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் உயில் எழுதவில்லை, நாற்பத்தைந்து வயதில் யார் எழுதி வைக்கிறார்கள்? அந்த அம்மாள் மட்டும் தன் பேரில் உள்ளதெல்லாம் தங்கைக்கு என்று எழுதிப் பதிந்து வைத்திருந்தாள். இருந்தது புருஷன் பெயரில் ஒரு வீடு. அதன் முன்னறையில் நாலு தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மாளின் தங்கை. கட்டியவன் விட்டுப் போனதிலிருந்து பதினாறு வருஷமாக அக்கா வீடுதான் அவளுக்கும் வீடு. புருஷன் பக்கத்தில் ஒரே ஓர் அண்ணன். தம்பி வீட்டு வாசலை மிதித்துப் பத்து வருஷம் ஆன மனிதர். வாரிசு நான்தான் என்று அவர் மனுக் கொடுக்க, தையல்காரி ஆட்சேபம் கொடுத்தாள். அதற்குத்தான் இந்த நோட்டீஸ்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு?" என்று அன்று சாயங்காலம் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள் பெரிய சிஸ்டர்.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். உலகத்தில் எதைக் கேட்டாலும் பஸ்ஸில் ஏற்றித்தான் இறக்குவார். "பஸ்ல ஒருத்தர் எழுந்தா சீட்டு பக்கத்துல நிக்கிறவங்களுக்கு, அந்த மாதிரிதான். புருஷன் முதல்ல இறங்கினா வீடு பெண்டாட்டிக்கு. அடுத்து அவளும் இறங்கினா அவ எழுதி வச்சபடி தங்கச்சிக்கு. பெண்டாட்டி முதல்ல இறங்கிட்டா வீடு அவர்கிட்டயே நிக்குது. அவருக்கு அப்புறம் அவர் அண்ணனுக்கு. ஒரு நிமிஷம் கூட இருந்தாலும் போதும், இருந்தவங்க பக்கம்தான் சொத்து."

"அப்ப அந்தத் தையல்காரிக்கு ஒண்ணும் கிடையாதா? ஐயோ பாவம்" என்றாள் பெரிய சிஸ்டர். மனசாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

இப்போது அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெண்கள் வார்டு கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். அது கோளாறு இல்லை, ஏற்பாடு. ஆறு வருஷத்துக்கு முன்னால் வார்டுப் பொறுப்பு கைக்கு வந்ததும் பெரிய சிஸ்டர் செய்த முதல் காரியம் அதுதான். சின்ன சிஸ்டர் பொண்ணுகள் எதற்கெடுத்தாலும் பிந்துகிறார்கள் என்று முள்ளைத் தள்ளி வைத்தாள். முதல் வாரம் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டாவது வாரம் விஷயம் தெரிந்துபோயிற்று. மூன்றாவது வாரம் எல்லோரும் பார்த்ததில் பத்தைக் கழித்துக்கொண்டு, பழையபடி நிதானமாகப் பிந்தினார்கள். சரி, இனி எதற்கு அந்தப் பொய்க் கடிகாரம், திருத்திவிடலாம் என்று யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. கை கழுவுகிற வேலை என்பதால் வார்டுக்குள் யாரும் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. கண் சுவரைப் பார்க்கும், மனசு பத்தைக் கழிக்கும், கை எழுதும். காய்ச்சல் பார்த்த நேரம், ஊசி போட்ட நேரம், உயிர் போன நேரம் எல்லாமே அப்படித்தான். புதிதாக மாற்றலாகி வரும் சிஸ்டருக்கு முதல் நாள் முதல் பாடமே அதுதான்.

நோட்டீஸ் வந்த ஐந்தாம் நாள் காலையில், ட்யூப்லைட் மாற்ற ஏணியோடு வந்தார் ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"என்ன சிஸ்டர், கடிகாரம் உங்க இஷ்டத்துக்கு ஓடுதா? இல்ல, இன்னொரு தடவை நான் திட்டு வாங்கணுமா?"

"நான் எப்பய்யா உன்னைத் திட்டினேன்?"

"நல்லா இருக்கு கதை! செல் தீர்ந்து நின்னுபோச்சுன்னு பகல் சிஸ்டர் கூப்பிட்டாங்க. நான் புது செல் போட்டு, போனைப் பார்த்து டாண்ணு சரியா வச்சுட்டுப் போனேன். ஒரு நல்ல காரியம் பண்ணினோம்னு நினைச்சா, ரெண்டாம் நாள் ஆள் விட்டுக் கூப்பிட்டு, என் வார்டுக் கடிகாரத்தை எவன் தொட்டதுன்னு ஒரு பிடி பிடிச்சீங்களே. மறுபடி பத்து நிமிஷம் தள்ளி வச்சப்புறம்தான் விட்டீங்க."

பெரிய சிஸ்டருக்கு ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. அந்த இரண்டு நாளும் டியூட்டி முடிந்து போன பொண்ணுகள் அத்தனை பேரும் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். சரியாக ஓடுகிற கடிகாரத்தில் போய்ப் பத்தைக் கழித்தால் பஸ் நிற்குமா? அந்தப் புகார் வந்த பிறகுதான் அவளுக்கே கடிகாரம் மாறியது தெரிந்தது.

"அது எப்ப நடந்தது?" என்று சும்மாதான் கேட்டாள்.

"லாரி அடிச்சு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தாங்கள்ல, அதுக்கு முதல் நாள் சாயங்காலம் செல் போட்டேன். அடுத்த நாள் வார்டே அழுதுக்கிட்டிருந்துச்சு, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. வேணும்னா என் வேலை நோட்டைப் பாருங்க, தேதி போட்டிருப்பேன்."

எலெக்ட்ரீஷியன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது எவ்வளவு பெரிய கல்லைத் தலையில் போட்டுவிட்டுப் போகிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. பெரிய சிஸ்டர் ஊசித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நோயாளிக் கட்டிலில் உட்காராதே என்று ஊரையே விரட்டுகிறவள், உட்கார்ந்தாள். அன்று காலை கடிகாரம் சரியாக ஓடியிருக்கிறது. முள் ஏழு மணி எட்டு நிமிடத்தில் நின்றிருக்கிறது. அவள் வழக்கம்போல பத்தைக் கழித்து ஆறு ஐம்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் ஏழு மூன்றுக்குப் போன புருஷன்தான் முதலில் போனது. அந்த அம்மாள் ஐந்து நிமிடம் கூட இருந்திருக்கிறாள். வீடு தையல்காரிக்கு.

உடனே எழுந்து எலெக்ட்ரீஷியனின் அறைக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். தேதி அப்படியே இருந்தது. திரும்பி வந்து வார்டு நோட்டைப் பிரித்துத் தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தாள். முத்து முத்தாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், ஆறு ஐம்பத்தெட்டு.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருக்கிறது. போய் உண்மையைச் சொன்னால் முதல் கேள்வி என்ன வரும்? அரசாங்கக் கடிகாரத்தை யாரைக் கேட்டுத் தள்ளி வைத்தாய் என்று வரும். ஆறு வருஷமாக மனக்கணக்குப் போட்டா நேரம் எழுதினாய் என்று வரும். அத்தனை வருஷ நோட்டுகளையும் தூசி தட்டி எடுப்பார்கள். சொல்லாமல் விட்டாலோ, எழுதியது நிற்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஒருத்தி மட்டும் நாலு மெஷினோடு தெருவில் நிற்பாள்.

வீட்டுக்காரர் கேட்டதும் குதித்தார். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவங்க கேக்கப்போறது, இது உன் கையெழுத்தா? ஆமா. முடிஞ்சுது. கேக்காததை எதுக்கு நீயா போய்ச் சொல்லணும்?"

"கேட்டுட்டா?"

"என்னன்னு கேப்பாங்க? உங்க வார்டு கடிகாரம் பொய் சொல்லுமான்னா? எவனுக்கு அது தோணும்?"

அதுவும் சரிதான். எவனுக்கும் தோணாது. அது இன்னும் பயமாக இருந்தது அவளுக்கு. யாராவது கேட்டுத் தொலைத்தால் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். கேட்க ஆளே இல்லை என்றால் வாயைத் திறப்பதும் மூடுவதும் தன் தலையில் அல்லவா விடிகிறது!

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் தையல்காரியே வார்டுக்கு வந்து நின்றாள். கழுத்தில் அளவெடுக்கிற நாடா தொங்கியது. கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். பெரிய சிஸ்டருக்கு உயிரே போய்விட்டது.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். உங்களைப் பொய் சொல்லச் சொல்லி வரல. அந்த அளவுக்கு நான் இறங்கிடல" என்று ஆரம்பித்தாள். "அக்கா பக்கத்துல நீங்கதான் இருந்தீங்கன்னு சொன்னாங்க. ஏதாவது பேசினாளா?"

"நினைவே வரலைம்மா. வலியும் தெரிஞ்சிருக்காது."

"அது போதும்." கொஞ்ச நேரம் நாடாவைச் சுருட்டி விரித்தாள். "எங்க வக்கீல் கையை விரிச்சுட்டார். அஞ்சு நிமிஷம் மாறியிருந்தா வீடு உனக்கு, இப்ப ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார். அஞ்சு நிமிஷம்! ஒரு பாவாடைக்கு நாடா கோக்கிற நேரம் சிஸ்டர். மாமாவோட அண்ணன் இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்றார். ஆர்டர் எடுத்த துணியெல்லாம் அப்படியே கிடக்கு. மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது பெரிய சிஸ்டரின் மனசு. ஆனால் இப்போது சொல்லி, ஆசை காட்டி, அங்கே போய்த் தைரியம் கைவிட்டுவிட்டால்? "தண்ணி குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டதற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

விசாரணை நாள் காலையில் வீட்டுக்காரர் அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்தில் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதில்லை.

"நீ சொல்லத்தான் போற, எனக்குத் தெரியாதா?" என்றார் தலை நிமிராமல். "எலெக்ட்ரீஷியன் நோட்டையும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போ."

விசாரணை அறையில் கட்டுக் கட்டாகக் காகிதம். இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடியது, ஒன்று ஓடுவதை வேடிக்கை பார்த்தது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி, அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம், பக்கத்தில் டைப் அடிக்கிற அம்மா. ஒரு பெஞ்சில் தையல்காரி தன் வக்கீலோடு, இன்னொன்றில் புருஷனின் அண்ணன் தன் வக்கீலோடு. அண்ணன்காரர் பெரிய வில்லன் மாதிரி இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனாள். அவரோ தம்பியின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமாங்க."

"நேரம் ஆறு ஐம்பத்தெட்டு. நீங்க எழுதினதுதானே?"

"எழுதினது நான்தாங்க. ஆனா அது தப்புங்க."

டைப் சத்தம் நின்றது. பெரிய சிஸ்டர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்: கடிகாரம், பத்து நிமிடம், செல், எலெக்ட்ரீஷியன், பஸ்ஸை விட்ட பொண்ணுகள். நடுவில் அதிகாரிக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டி முடித்ததும் பெரிய சிஸ்டருக்கு வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

அண்ணன்காரரின் வக்கீல் எழுந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் அவள் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள்.

"சிஸ்டர், செல் மாத்தினது உண்மை, நோட்டு இருக்கு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறேன். அன்னிக்குக் காலையில, இந்த அம்மாவுக்கு நேரம் எழுதும்போது, நீங்க பத்து கழிச்சது ஞாபகம் இருக்கா?"

"எப்பவும் கழிப்பேங்க."

"எப்பவும்னு கேக்கல. அன்னிக்கு. முள் ஏழு எட்டுல இருந்ததைப் பார்த்தது ஞாபகம் இருக்கா?"

யோசித்தாள். அந்த அம்மாளின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது ஞாபகம் இருந்தது. புடவையில் ஒட்டியிருந்த தார் ஞாபகம் இருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது கூட ஞாபகம் இருந்தது. முள் ஞாபகம் இல்லை. எப்படி இருக்கும்? ஆறு வருஷமாகப் பார்த்த முள். தையல்காரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கு என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை; உண்மைக்காகச் சொல்கிற பொய்தானே, சொல்லேன் என்றது உள்ளே ஒன்று.

"ஞாபகம் இல்லைங்க" என்றாள் பெரிய சிஸ்டர்.

"கடிகாரம் சரியாயிடுச்சுன்னு அன்னிக்கே உங்க கண்ணுல பட்டு, கழிக்காம எழுதியிருக்கலாம். அதாவது முள்ளே ஆறு ஐம்பத்தெட்டுல இருந்திருக்கலாம். முடியாதுன்னு சத்தியமா சொல்வீங்களா?"

"கழிச்சிருப்பேங்க. கழிக்காம எனக்குப் பார்க்கவே வராது." என்றாள். "சத்தியமான்னா... எனக்குத் தெரியலைங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வந்து சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா எழுத்துல இருக்கிறதை மாத்தணும்னா, எப்பவும் செய்வேன்கிறது போதாது. அன்னிக்குச் செஞ்சேன்னு நிக்கணும். இல்லேன்னா எழுதினதுதான் நிக்கும்."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய சிஸ்டருக்குக் கண்ணை இருட்டியது. வேலைக்கும் வேட்டு வைத்துக்கொண்டாயிற்று, அவள் வீட்டையும் காப்பாற்றவில்லை. இதற்கு வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம். இரண்டு பக்கமும் கெடுக்க வந்தேனே என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாக்குமூலம் முடிஞ்ச நேரம் போட்டுடுங்க" என்று டைப் அடிக்கிற அம்மாவிடம் சொன்ன அதிகாரி, தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கச் சோம்பி, எதிரில் நின்றவளையே கேட்டார். "மணி என்னம்மா?"

பெரிய சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "பதினொண்ணு இருபதுங்க."

டைப் அடிக்கப் போன விரல் நின்றது. அந்த அம்மா கழுத்தை எக்கிக் கடிகாரத்தைப் பார்த்தாள், பெரிய சிஸ்டரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார்," என்றாள் மெதுவாக, "பதினொண்ணரை சார்."

அதிகாரி நாற்காலியோடு திரும்பினார். பெரிய முள் ஆறில் இருந்தது. மேஜை மேலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் பதினொன்றரை. பிறகு பெரிய சிஸ்டரைப் பார்த்தார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று திருதிருவென்று விழித்தாள்.

"என்னங்க? ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

அண்ணன்காரரின் வக்கீல் பாதி எழுந்து, "சார், இதை வச்சுக்கிட்டு நாம..." என்று ஆரம்பித்தார்.

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "ரெண்டையும் அடிங்கம்மா. சாட்சி பார்த்துச் சொன்ன நேரம் பதினொண்ணு இருபது. கடிகாரத்துல இருந்த நேரம் பதினொண்ணு முப்பது." வக்கீல் பக்கம் திரும்பினார். "இப்ப இவங்க கழிச்சது இவங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க சார்."

வக்கீல் எழுந்த பாதியிலேயே உட்கார்ந்தார். தையல்காரி ஓவென்று அழ ஆரம்பித்தாள். பெரிய சிஸ்டர் இன்னும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, உட்கார நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் துழாவினாள்.